உத்தரவு வாங்கிய அரண்மனை

பங்குனியில் ஒரு கல்யாணம் முடிந்த மத்தியானத்தில் கொன்றையூர் அரண்மனை உத்தரவு வாங்கிக்கொண்டு பின்பக்கமாக நடக்கத் தொடங்கியது. அதைப் பார்த்து ஊரில் யாரும் மயங்கி விழவில்லை. அந்த அரண்மனையிலிருந்து யார் புறப்பட்டாலும் பின்பக்கமாகத்தான் நடந்து போவார்கள், இத்தனை காலமாக எல்லாரையும் அப்படி அனுப்பிவைத்த வீடு தானும் ஒருநாள் அப்படிக் கிளம்பினால் அதில் என்ன அதிசயம் என்று டீக்கடை பூமாரி கேட்டாள். அரண்மனைக்குப் பின்னால் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தவர்கள் மட்டும் ஓடிப்போய் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வழக்கம் வந்த விதத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வெள்ளைக்காரன் காலத்தில் கொன்றையூர் ஜமீனை ஆண்ட முத்துவிசய ராஜாவுக்கு, மதராசிலிருந்து கவர்னர் துரை வரப்போகிறார் என்று சேதி வந்தது. துரை வந்து இறங்க ஒரு மாளிகை வேண்டுமே. ராஜாவிடம் சீமையிலிருந்து வந்த பிஸ்கட் டப்பா ஒன்று இருந்தது, அதன் மூடியில் ஒரு மாளிகையின் படம் இருந்தது, அதைக் கொத்தனார்கள் கையில் கொடுத்து இதே மாதிரி கட்டுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர்களும் தூண், வளைவு, மணிக்கூண்டு, வாயைப் பிளந்த சிங்கம் என்று எல்லாவற்றையும் இம்மி பிசகாமல் கட்டினார்கள். ஆனால் மூடியில் முன்பக்கம் மட்டுந்தான் இருந்தது. பின்பக்கம் எப்படி இருக்கும் என்று ராஜாவுக்கும் தெரியவில்லை, கொத்தனார்களுக்கும் தெரியவில்லை. ஆகவே அங்கே ஒரு செங்கல் சுவரை எழுப்பி, அடுப்படிப் புகைக்கூண்டையும் கக்கூசையும் ஒட்டவைத்து, மேலே தகரத்தைப் போட்டுக் கதையை முடித்துவிட்டார்கள். முன்னால் பார்த்தால் மகாராணி, பின்னால் பார்த்தால் ரேஷன் கடை.

வந்த துரை ஒரு இளநீரைக் குடித்தார், கொசு அதிகம் என்றார், ராஜா கும்பிட்ட கையோடு நிற்கும்போதே முதுகைக் காட்டிக்கொண்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார். அந்த முதுகை ராஜாவால் சாகும்வரை மறக்க முடியவில்லை. மறுநாளே தண்டோரா போட்டார்: இனி இந்த அரண்மனையில் எவனும் முதுகு காட்டக்கூடாது, போகிறவன் உத்தரவு கேட்க வேண்டும், நாற்காலியில் இருப்பவர் ‘போயிட்டு வா’ என்று சொன்ன பிறகு முகத்தை இந்தப் பக்கமே வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்துபோய், கண்ணுக்கு மறைந்தபின்தான் திரும்ப வேண்டும். கவர்னருக்காக வாங்கிய பெரிய பெல்ஜியம் கண்ணாடி ஒன்று தர்பார் மண்டபத்தில் நாற்காலிக்கு நேர் எதிரே இருந்தது. எல்லாரும் முகத்தைக் காட்டிக்கொண்டு போனாலும் அந்தக் கண்ணாடியில் அவர்களுடைய முதுகு தெரிந்துகொண்டே இருந்ததால், ராஜா அதற்கு ஒரு பட்டுத்திரையைப் போட்டு மூடிவிட்டார். அந்த வாரத்திலேயே திவான் பின்னால் நடந்துபோய்க் கிணற்றில் விழுந்தார். அதிலிருந்து படிசொல்லி என்று ஒரு உத்தியோகம் ஏற்பட்டது. புறப்படுகிறவருக்கு முதுகுப்புறமாக நின்று, படி, தூண், வாசல், ஆடு படுத்திருக்கு என்று சொல்லிச் சொல்லி அவரைச் சேதாரமில்லாமல் வெளியே கொண்டுபோய் விடுகிற வேலை.

பிறகு ராஜாக்கள் போனார்கள், வெள்ளைக்காரன் போனான், சட்டம் வந்து ஜமீனும் போனது, அரண்மனை தாலுகா கச்சேரியாக இருந்தது, பள்ளிக்கூடமாக இருந்தது, நெல் குடோனாக இருந்தது, வில்லன் வீடாகச் சினிமாவில் வந்தது, கடைசியில் கல்யாண மண்டபமாகி மூச்சு வாங்கியது. இத்தனையிலும் அந்த வழக்கம் மட்டும் போகவில்லை. தாசில்தாரும் பின்னால் நடந்தார், சரித்திர வாத்தியாரும் பின்னால் நடந்தார், சுட்டுக்கொல்லப்பட்ட வில்லனும் ஷூட்டிங் முடிந்து உத்தரவு கேட்டுப் பின்னால் நடந்து போனார்.

உத்தரவு கொடுக்கிறவள் உலகம்மை நாச்சியார். முத்துவிசய ராஜாவின் கொள்ளுப்பேத்தி, தலையில் பாதி நரைத்தவள், ஊருக்கு ராணியம்மா. அவளுடைய அண்ணன்மார் அப்பாவிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு ஒருத்தர் பின் ஒருத்தராகச் சென்னைக்கும் சீமைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். உலகம்மையின் முறை வருவதற்குள் அப்பா ஒருநாள் மத்தியானம் அவியலும் சொதியுமாகச் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவளைப் போகக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. போ என்று சொல்லவேண்டியவர் சொல்லாமல் போய்விட்டார், அவ்வளவுதான், அதிலேயே வயசு ஓடிவிட்டது. நாற்காலியில் உட்கார வேறு ஆளில்லாததால் அவளே உட்கார்ந்து, கல்யாண வீட்டாருக்கும் கேஸ் சிலிண்டர் போடுகிறவனுக்கும் கரண்டு கணக்கெடுக்கிறவனுக்கும் ‘போயிட்டு வாங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆசை, குற்றால அருவியைப் பார்க்க வேண்டும். சாரல் சமயத்தில் மேல்மாடியில் நின்றால் அந்தக் காற்று முகத்தில் வந்து அடிக்கும். பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் அருவி வந்துவிடும். அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் கோமதிநாயகம், அரண்மனையின் கடைசிப் படிசொல்லியுடைய மகன். கல்யாண நாட்களில் லீவு போட்டுவிட்டு வந்து, அப்பா செய்த வேலையை அவன் செய்துகொடுப்பான். அவனும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஊரில் கேட்டால் பஸ்ஸில் நின்றபடியே காலம் போய்விட்டது என்பான். ஊருக்கு வேறு காரணம் தெரியும், உலகம்மைக்கும் தெரியும், தெரிந்து என்ன செய்ய. ஒவ்வொரு ஆனி மாதமும் அவன் வந்து நின்று, “ராணிம்மா, சாரல் விழுந்திட்டு. ஒருநா வாரீயளா, பாத்துட்டு வரலாம்” என்பான். அவளும் ஒவ்வொரு ஆனியிலும், “எனக்கு யாரு நாயகம் உத்தரவு குடுப்பா” என்பாள். அவன் பின்னால் நடந்தே போய்விடுவான்.

அந்தப் பங்குனி மத்தியானத்துக்கு வருவோம். கல்யாணத்துக்கு வந்த கூட்டம் மண்டபத்தை அடைத்துக்கொண்டு உத்தரவுக்கு நின்றது. உலகம்மை ஒரு கையில் பாயச டம்ளரை வைத்துக்கொண்டு, போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க என்று வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் சித்தப்பா போனார், அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் போனார், அவருடைய டிரைவர் போனான். அப்போது மேலே உத்தரத்திலிருந்து ஒரு பெயர்ந்த சுண்ணாம்புக் கட்டி சரியாக டம்ளருக்குள் விழுந்து, பாயசம் அவள் புதுப் புடவையில் தெறித்தது. அவளுக்கு வந்த எரிச்சலில் நிமிர்ந்து மோட்டைப் பார்த்து, “உனக்கும் போவணுமாக்கும்? சரி, நீயும் போயிட்டு வா” என்று சொல்லிவிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து சொன்ன சொல். அரண்மனை ஒருமுறை பெருமூச்சு விட்டது, சரவிளக்குகள் கலகலவென்று ஆடின, சமையல்காரர்கள் சாம்பார் அண்டாவைப் பிடித்துக்கொண்டார்கள், கட்டடம் முட்டையை விட்டு எழும்புகிற கோழி மாதிரி மெல்ல எழுந்து, மரியாதையாகப் பின்னால் ஓர் அடி வைத்தது.

தினம் ஒரு கட்டில் நீளம் போனது. சில நாள் உற்சாகம் வந்து இரண்டு கட்டில் நீளம் போனது. பின்பக்கம் கண் தெரியாத வீடாயிற்றே, முதல் நாளே பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியில் இடிக்கப்போனது. கோமதிநாயகம் ஓடிப்போய்ப் பின்னால் நின்று விசிலை ஊதி, “ஓல்டேன், ஓல்டேன், தொட்டி இருக்கு, லெஃப்ட்ல ஒடிச்சு… வரலாம், வரலாம்” என்று கையை ஆட்டினான், அது சொன்னபடி ஒடித்து வந்தது. படிசொல்லியின் மகன் குரலை அதற்குத் தெரியாதா. அன்றைக்கே அவன் டிப்போவுக்குப் போன் போட்டு நீண்ட லீவு கேட்டான், எதற்கு என்று கேட்டதற்கு வீடு மாற்றுகிறோம் என்றான்.

ஊர் கொஞ்ச நாளில் பழகிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகைகளில் ‘அரண்மனை அன்று எங்கிருக்கிறதோ அங்கு’ என்று அச்சடித்தார்கள். தபால்காரர் விலாசம் பார்க்காமல் மணிக்கூண்டைப் பார்த்து சைக்கிளை விட்டார். லைன்மேன் தினமும் காலையில் வந்து கரண்டு ஒயரில் ஒரு கட்டில் நீளம் ஒட்டுப்போட்டுவிட்டு, உத்தரவு வாங்கிக்கொண்டு, தானும் பின்னால் நடந்து போனார். பூமாரி டீக்கடையைத் தள்ளுவண்டிக்கு மாற்றி அதன்கூடவே நகர்ந்தாள், வியாபாரம் இப்படி ஒருநாளும் ஆனதில்லை என்றாள். அரண்மனை விட்டுப்போன வெளுத்த தரையில் அதுவரை காணாமல்போன எல்லாம் கிடைத்தன: யாரோ ஒரு ராணியின் மூக்குத்தி, டென்னிஸ் பந்துகள், திவானுடைய ஒற்றைச் செருப்பு, கவர்னர் குடித்துவிட்டுப் போட்ட இளநீர்க் கூடு. கூட்டைப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொண்டார்கள். மதுரையிலிருந்து தொல்பொருள்காரர் ஒருவர் டேப்போடு வந்து அளந்தார், ஒரு முனையை நட்டுவிட்டு மறுமுனைக்கு நடப்பதற்குள் அது நகர்ந்துவிட்டது, மறுபடி அளந்தார், மறுபடி நகர்ந்தது, கடைசியில் டீயைக் குடித்துவிட்டு, “இது எந்த நூற்றாண்டுங்க?” என்று கேட்டார். “போற நூற்றாண்டு” என்றாள் பூமாரி.

உலகம்மைக்குத் தலைகால் புரியவில்லை. பிறந்ததிலிருந்து ஒரே வேப்பமரத்தைப் பார்த்த ஜன்னலில் இப்போது காலையில் ஒரு கடலைக்காடு வந்து நின்றது, மறுவாரம் ஒரு கரும்புத் தோட்டம், அதற்கப்புறம் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கொல்லைப்புறம். அந்த வீட்டுக்காரி பல் விளக்கிக்கொண்டே ‘சாப்பிட்டாச்சா ராணியம்மா’ என்று கேட்டாள். வாசலைத் தாண்டாமலே ஊரைச் சுற்றுகிறோமே என்று அவள் தனியாகச் சிரித்தாள். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் கோமதிநாயகம் விசிலும் கையுமாக நிற்பான். இத்தனை வருஷத்தில் அவனை இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பார்த்ததில்லை. ஜன்னல் வழியாகவே காப்பி கொடுத்தாள்.

இப்படியே போனால் எங்கே போகும் என்று யோசித்துப் பார்த்தவன் கோமதிநாயகந்தான். இடப்பக்கம் கோயில், வலப்பக்கம் வீடுகள், நேர் பின்னால் பெரிய குளம். ஆனி பிறந்து சாரல் விழுந்து குளம் கரை தளும்பி நின்றது. ஓல்டேன் என்று அவன் விசில் ஊதினால் அரண்மனை ஒரு வாய்ச் சோறு தின்கிற நேரம் நிற்கும், அதற்குமேல் நிற்க அதற்குப் பொறுமை இல்லை, தண்ணீர் கிட்ட வர வர அதன் நடையும் வேகமானது. ஊர்க்காரர்கள் கரையில் கூடி ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கயிறு போட்டு இழுக்கலாம் என்றார் ஒருவர். இன்னொரு உத்தரவு போட்டு நிற்கச் சொல்லலாம் என்றார் வேறொருவர். உலகம்மை நாற்காலியில் உட்கார்ந்து, நில்லு, நில்லு என்று தொண்டை கட்டுகிறவரை சொல்லிப் பார்த்தாள். கொடுத்த உத்தரவைத் திரும்ப வாங்கிக்கொள்கிற வழக்கம் அந்த அரண்மனையில் கிடையாது.

ஒருநாள் காலையில் அடுப்படி ஜன்னலை அவள் திறந்தபோது கீழே தண்ணீர் மினுங்கியது. அரண்மனை ஏன் நிற்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது.

மத்தியானம் அரண்மனையை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்த கோமதிநாயகத்தைத் தர்பார் மண்டபத்துக்கு அழைத்தாள்.

“நாயகம், உத்தரவு வாங்கினவன் எது வரைக்கும் பின்னால போவணும்?”

“குடுத்தவுகளுக்குக் கண் மறையுத மட்டும்.”

“குடுத்தவ நானு. நான் அதுக்கு உள்ளேயே இருக்கேன். அப்ப அது என் கண்ணுக்கு எப்படி மறையும்?”

அவன் கையிலிருந்த தூக்குச்சட்டியைத் தரையில் வைத்தான். “மறையாது. தண்ணிக்குள்ள போயும் போய்க்கிட்டேதான் இருக்கும். நீங்க இறங்கினாத்தான் அதுக்கு விடுதலை.”

“இறங்க எனக்கு உத்தரவு வேணும்லா.” அவள் நாற்காலியிலிருந்து எழுந்து அதன் கையைத் தட்டினாள். “நீரு இதுல உக்காந்து ஒரு சொல்லு சொல்லும். தினம் ஒரு பஸ்ஸுக்கே உத்தரவு குடுக்கிற ஆளுதான நீரு. போலாம்னு சொல்லும், போயிருதேன்.”

அவன் அந்த நாற்காலியைப் பார்த்தான். அவனுடைய அப்பா அதன் முன்னால் நிமிர்ந்து நின்றதே இல்லை. அதில் உட்கார்ந்து பார்க்க ஆசையில்லாத மனுஷன் அந்த ஊரில் உண்டா.

“வேண்டாம் ராணிம்மா” என்றான். “இன்னைக்கு நான் உக்காந்து உத்தரவு குடுத்தா, நாளைக்கு அருவிக்குப் போவவும் எங்கிட்ட கேப்பீய, அருவியில நனையவும் எங்கிட்ட கேப்பீய. உங்க அய்யா இருந்த இடத்துல நான் இருக்கமாட்டேன். பக்கத்துல வேணும்னா இருக்கேன்.”

வெளியே பூமாரி, அரண்மனை அசைய ஆரம்பித்துவிட்டது, சீக்கிரம் வாங்க என்று கத்தினாள். அவன் தூக்குச்சட்டியை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினான், ஓடினது நேராகத்தான், வாசலில் நினைவு வந்து திரும்பி நாலடி பின்னால் நடந்துவிட்டு மறுபடி ஓடினான்.

உலகம்மைக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது, அதற்குள் அடுப்படிப் பக்கம் சளப்பென்று ஒரு சத்தம் கேட்டது, கக்கூஸ் மூலை தண்ணீரைத் தொட்டுவிட்டது. அவள் விறுவிறுவென்று மண்டபத்தின் மறுகோடிக்குப் போய், முத்துவிசய ராஜா போட்ட பட்டுத்திரையைப் பிடித்து இழுத்தாள். அது தொட்டதுமே பொடியாக உதிர்ந்தது. திரும்ப வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே கண்ணாடிக்குள்ளே, அதே நாற்காலியில், பாதி நரைத்த தலையும் சாரல் காற்றில் கலைந்த முன்மயிருமாக ஒரு ராணி உட்கார்ந்திருந்தாள். பார்த்தால் நல்லவளாகத் தெரிந்தாள். இவ்வளவு நாள் யாரையும் மறுத்துப் பேசாமல் எல்லாரையும் அனுப்பிவைத்தவள் முகம்.

“உத்தரவு வேணும்” என்றாள் உலகம்மை.

கண்ணாடியில் இருந்தவளும் வாயசைத்தாள்.

“போயிட்டு வா” என்றாள் உலகம்மை, கண்ணாடியில் இருந்தவளும் அதையே சொன்னாள். யார் யாருக்குக் கொடுத்தது என்று கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை.

அவள் எழுந்து, காலி நாற்காலியைப் பார்த்தபடி பின்னால் நடந்தாள். பழக்கமே இல்லை, எத்தனையோ பேரை நடக்கவைத்தவள் தான் ஒருநாளும் நடந்ததில்லை. முதல் தூணில் முழங்கையை இடித்துக்கொண்டாள். வாசற்படியில் தடுமாறி நிலையைப் பிடித்தாள். அவளுக்குப் படி சொல்ல ஒருவருமில்லை. படிசொல்லி அரண்மனைக்குப் பின்னால் தண்ணீரில் நின்று, ஓல்டேன், ஓல்டேன் என்று கத்திக்கொண்டிருந்தான்.

இதை முன்பக்கம் நின்ற கூட்டம் பார்த்தது. ராணியம்மா வெளியே வருகிறாள், அதுவும் பின்பக்கமாக வருகிறாள் என்று ஒரு சத்தம் எழும்பி, அது கூரையைச் சுற்றிக்கொண்டு குளத்துக்குப் போனது. கோமதிநாயகம் அதைக் கேட்டதும் விசிலைக் கழற்றிப் பூமாரி கையில் திணித்து, “யக்கா, விடாம ஊதுங்க” என்று சொல்லிவிட்டு, வேட்டியில் தண்ணீர் சொட்டச் சொட்ட அரண்மனையை ஒரு சுற்று சுற்றி முன்னால் ஓடிவந்தான். அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றதும் மூச்சு வாங்கிக்கொண்டே ஆரம்பித்தான்.

“படி. இன்னொரு படி. சிங்கம் இருக்கு, வலது கைப்பக்கம். வரலாம். மண்ணு. இனிமே மண்ணுதான், பயப்படாம வரலாம்.”

அவள் வந்தாள். அரண்மனை அந்தப் பக்கம் பின்னால் போனது, அவள் இந்தப் பக்கம் பின்னால் வந்தாள், இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் முதுகு காட்ட மனசில்லாமல், கரும்புத் தோட்டம், கடலைக்காடு, பழைய வெளுத்த தரை என்று விலகிக்கொண்டே போனார்கள். ஊரே அவள் பின்னால் சேர்ந்துகொண்டது. கல், வரப்பு, சாணி, ஆடு என்று ஆளாளுக்குப் படி சொன்னார்கள். ஒரு ஆட்டை ஐந்தாறு பேர் சொன்னதால் அவள் இல்லாத ஆட்டுக்கெல்லாம் விலகி விலகி நடந்தாள். அவளுக்குச் சிரிப்பு பொங்கிப் பொங்கி வந்தது, கண்ணீரும் வந்தது, எதிரே தூண்கள் சிறுத்தன, சிங்கம் பூனையாகியது, மணிக்கூண்டு ஒரு விரல் உயரத்துக்கு நின்றது, புளியந்தோப்பு குறுக்கே வந்ததும் அதுவும் இல்லாமல் போனது.

“மறைஞ்சிட்டு” என்றான் கோமதிநாயகம்.

அந்த நேரத்தில் குளத்தங்கரையில் நடந்ததைப் பூமாரி பிறகு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இடுப்பளவு தண்ணீரில் நின்ற அரண்மனை சட்டென்று நின்றது. நாலாபக்கமும் பார்த்தது போல் இருந்தது. பிறகு கட்டின நாளிலிருந்து அடக்கிவைத்திருந்த முதுகை, புகைக்கூண்டும் கக்கூசும் தகரமுமாக, ஊரைப் பார்க்கத் திருப்பியது, ஒருவரும் சிரிக்கவில்லை. அது கையை வீசி நடக்கிற ஆள் மாதிரி முன்பக்கமாகவே நடந்து, குளத்தைத் தாண்டி அக்கரை ஏறி, மலையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பரிசலில் போகிறார்கள், வரும்போது இஷ்டம்போல் முதுகைக் காட்டிக்கொண்டு வருகிறார்கள்.

புளியந்தோப்பில் உலகம்மை இன்னும் திரும்பவில்லை.

“திரும்பலாம்” என்றான் அவன் மெதுவாக.

“திரும்பினா என்ன இருக்கும் நாயகம்?”

“ரோடு இருக்கு. குத்தாலம் பஸ் நிக்கி. நான் நிக்கேன்.”

அவள் திரும்பினாள். அவன் சொன்னது எல்லாம் இருந்தது. அவனை இவ்வளவு கிட்டத்தில், ஜன்னல் கம்பி இல்லாமல் பார்த்தபோது, மீசையும் நரைத்துப்போயிருப்பது தெரிந்தது. அவன் பஸ்ஸின் முன்வாசலைக் காட்டினான். அவள் ஏறி டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், ஊரில் பாதி கூடவே ஏறி நெருக்கியடித்துக்கொண்டது, அவன் பின்படியில் தொற்றிக்கொண்டு பழக்கத்தில் வாயைத் திறந்தவன், ஏனோ சொல்லாமல் அவளைப் பார்த்தான். டிரைவர் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தார். எல்லாரும் ராணியம்மாவைப் பார்த்தார்கள்.

உலகம்மை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“போலாம், ரைட்” என்றாள்.